டின் தூக்கும் நாள்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் பால் வாங்குவதே இல்லை, ஒருத்திக்குப் பால் விடாத பிளேன்டி போதும். போனில் என் முகத்தைப் பார்த்து நீ எதையாவது கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயத்தில்தான் வைத்தேன். பேச ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று அவசரமாகச் சமாதானம் சொல்லிவிடுவாய். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உன் மனைவியும் பக்கத்தில் இருக்கும்போது ஆற அமர ஆறுதலாகப் படி. இதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதே. தபாலில் வரும், வருகிற அன்றைக்குப் படித்தால் போதும்.

வீட்டை விற்றுவிட்டு மெல்போர்னுக்கு வந்துவிடு என்று திரும்பவும் சொன்னாய். நியாயமான பேச்சுதான். உன் மனைவி முழுகாமல் இருக்கிறாள், முதல் பிள்ளை, அவளுக்கும் அங்கே தாய் தகப்பன் இல்லை. நான் இங்கே தனியாக இருந்து சுவரோடு பேசிக்கொண்டிருப்பதைவிட அங்கே வந்து பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கலாம். இதையெல்லாம் நான் உனக்கு முன்பே யோசித்துவிட்டேன். ஆனால் கடைசியாக ஒன்று சொன்னாய் பார்: "டின்களை அக்கம்பக்கத்துக்குக் குடுத்துட்டு வாங்கம்மா. நம்ம வீட்டுல என்னா, எல்லாமே தூக்கிக் குடுக்கக்கூடியதுதானே." அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் பால் பொங்குகிறது என்றேன். நீ சொன்னதில் தப்பில்லை. நீ பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். ஆனால் அது இப்போது உண்மையில்லை. அது எனக்கே அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. உனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், உன் அப்பா உனக்கு ஒருநாளும் முழுசாகச் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும். நம் வீட்டில் ஏன் எல்லாமே டின்னில் வளர்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். அவர் கடையில் சும்மா கிடைக்கிற பெயின்ட் டின்னை வீணாக்கக்கூடாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற மனுசன் சொன்னால் யாரும் நம்புவார்கள். கலியாணமான புதிதில் நானும் நம்பினேன். உன் தாத்தா, அப்பாவின் அப்பா, மடுல்கெல்லவில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு முழத் துண்டு நிலம். அதில் போஞ்சி போடலாம், கோவா போடலாம், கொச்சிக்காய் வைக்கலாம். மரம் மட்டும் வைக்கக்கூடாது. மரம் நின்றால் நிலத்துக்கு உரிமை கேட்பார்கள் என்று தோட்டத்தில் பயம். தாத்தாவுக்குச் செடி என்றால் பைத்தியம். யாருக்கும் தெரியாமல் வேலியோரத்தில் ஒரு பலாக்கன்றை வளர்த்துவிட்டார். வேலிச்செடிகள் மறைத்துக்கொண்டதால் அது வெகுகாலம் தப்பியது. முதல் பிஞ்சு பிடித்த வருடம்தான் கண்ணில் பட்டது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து நின்று, வைத்தவனே வெட்டட்டும் என்றிருக்கிறார். தாத்தா வெட்டினார். மரம் லயத்துக் கூரையில் விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்தது உன் அப்பா. அப்போது அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது.

அதற்குப் பிறகு தாத்தா நிலத்தில் எதையும் வைக்கவில்லை. எண்ணெய் டின், மா டின், உடைந்த வாளி, கிடைத்ததில் எல்லாம் மண் நிரப்பி லயத்து வாசலில் அடுக்கினார். ரோஜா, அந்தூரியம், ரம்பை, கறிவேப்பிலை, எல்லாம். கணக்கப்பிள்ளை அந்தப் பக்கம் வரும்போது செருப்புக் காலால் டின்னைத் தள்ளிப் பார்ப்பாராம். அசைந்தால் சரி. அசையாவிட்டால் அடி ஓட்டை வழியாக வேர் நிலத்துக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதைப் பிடுங்கிப் போடவேண்டும். அதற்குப் பயந்துதான் அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள், தைப்பொங்கலுக்கு முந்தின நாள், எல்லா டின்னையும் தூக்கி அடியில் எட்டிப்பார்க்கிற வேர்களை வெட்டினார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போனபோதும், டின்களைத் தூக்கி ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நிலத்தில் கைவைத்தான் என்று ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியவில்லை பார் என்று தாத்தா அதை ஒரு வெற்றியாகச் சொல்வாராம். எனக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. ஆனால் நான் லயத்தில் பிறந்தவள் இல்லை, பேசுவது எனக்குச் சுலபம்.

இப்போது யோசித்துப் பார். பொங்கலுக்கு முந்தின நாள் எல்லோர் வீட்டிலும் பழையதை எரிப்பார்கள், நாம் டின் தூக்குவோம். நீ அதை ஒரு விளையாட்டு மாதிரிச் செய்தாய். எந்த டின்னின் அடியில் மண்புழு இருக்கிறது, எதில் அட்டை இருக்கிறது என்று கத்திக்கொண்டு ஓடுவாய். அப்பா சின்னக் கத்தியோடு குந்திக்கொண்டு, "வேர் எறங்கிருச்சான்னு பாரு" என்பார். நீ பார்த்துச் சொல்வாய், அவர் வெட்டுவார். வாடகை வீடு மாறி மாறி இருந்த காலத்தில் அதில் ஒரு பிரயோசனமும் இருந்தது. லொறி வந்தால் கட்டில் அலுமாரிக்கு முன்னால் டின்கள்தான் ஏறும். ஆனால் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மடவளைப் பாதையில் இந்த ஏழு பேர்ச் நிலத்தைச் சொந்தமாக வாங்கி, காணி உறுதியில் அவர் பெயரையும் என் பெயரையும் எழுதின பிறகும் அந்த மனுசன் ஒரு செடியைக்கூட நிலத்தில் வைக்கவில்லை. வாசலில் டின், பின்பக்கம் டின், மதில் மேல் டின். குரங்கு வந்து கொச்சிக்காய் டின்னைக் கூரைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று, "பாருங்க, அதுக்கும் வசதியாத்தான் வச்சிருக்கீங்க" என்றேன். அவர் சிரித்தார். என்ன சொன்னாலும் சிரிக்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? மண்வெட்டி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அதை அவர் டின்னுக்கு மண் வெட்டத்தான் பாவித்தார்.

பின்பக்கம் நிற்கிற அந்தப் பலா உன்னுடையது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, நீ பாலர் வகுப்பில் இருந்தாய். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பலாச்சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொச்சிக்காய் டின்னுக்குள் குத்தி வைத்தாய். அது முளைத்து வந்தபோது நான் களை என்று பிடுங்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்போது எனக்கு விசயம் தெரியாது. அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தாத்தா வெட்டிய மரத்தைப் பற்றி எனக்குச் சொன்னார். அதைப் பிடுங்கவும் விடவில்லை, நிலத்தில் வைக்கவும் விடவில்லை. பெயின்ட் டின்னிலிருந்து பெரிய வாளிக்கு, வாளியிலிருந்து கடையிலிருந்து கொண்டு வந்த, பாதியாக வெட்டிய தகரத் தார்ப் பீப்பாவுக்கு. நீ வளர வளர அதுவும் பாத்திரம் மாறியது. ஆனால் நீ உயர்ந்த அளவுக்கு அது உயரவில்லை. பீப்பாவுக்குள் வேரைச் சுற்றிக்கொண்டு, உன் தோளளவில் நின்றுவிட்டது. அதைத் தூக்குவதென்றால் கயிறு கட்டி, நடுவில் மூங்கில் கொடுத்து, ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நீ. நான் பிடிக்கிறேன் என்றால் விடமாட்டார். அயலாரைக் கூப்பிடுவோம் என்றால், அதற்கும் இல்லை. டின் தூக்குவது வீட்டு ஆட்கள் செய்கிற வேலை என்பார்.

நீ போவதற்கு முந்தின பொங்கல். விசா வந்துவிட்டது, டிக்கட் போட்டாகிவிட்டது. பீப்பாவைத் தூக்கி இறக்கிவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டு நீ கேட்டாய், "அடுத்த வருசம் இந்தப் பக்கத்த யார் பிடிக்கப் போறாங்க?" நீ பகிடியாகத்தான் கேட்டாய். அவரும் பகிடியாகத்தான், "ஒன் அம்மாவுக்குச் சோறு கூடப் போட்டுத் தேத்துறேன்" என்றார். நான் அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் சிரித்தோம். நாம் மூன்று பேரும் ஒன்றாக நின்று அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

உன்னைக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏற்றிவிட்டு வந்த மறுநாளே எனக்கு மாத்தளைக்குப் போகவேண்டியிருந்தது. உன் பெரியம்மாவுக்குக் கண்ணில் ஆபரேசன், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அப்பாவையும் வரச் சொன்னேன். கடையில் லீவு இல்லை என்றார். ஒரு வாரம் கழித்து நான் திரும்பி வந்தபோது அவருடைய வலது கையில் பெரிய கட்டு. கடையில் தகரம் வெட்டும்போது கிழித்துவிட்டது என்றார். அத்தனை வருடம் அந்தக் கடையில் வேலை செய்து கையில் ஒரு கீறல் விழாத மனுசன். மகன் போன கவலையில் கவனம் சிதறியிருக்கும் என்று நினைத்து நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பீப்பாவைச் சுற்றி மண் அணைத்திருந்தார். காற்றுக்குச் சாயாமல் இருக்க என்றார். குப்பைக் குழிக்கு வட்டமாக ஒரு தகர மூடி போட்டிருந்தார். கடையில் கிடந்தது என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார், நானும் எல்லாவற்றையும் நம்பினேன். வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் மூக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கிற நான்!

அதற்குப் பிறகு அந்தப் பலா பிடித்த பிடி உனக்கும் தெரியும், போட்டோவில் பார்த்திருக்கிறாய். முதல் வருடம் மதிலைத் தாண்டியது. அடுத்த வருடம் கூரையைத் தொட்டது. நான் ஊரெல்லாம் சொன்னேன், என் தேயிலைச் சக்கையும் மீன் கழுவிய தண்ணீரும்தான் காரணம் என்று. மீன் தண்ணீர் நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தில் முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை. உன் அப்பாவும் தலையை ஆட்டி, "ஆமா, டீச்சரோட சக்கைதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அடுத்த நிமிடம் அழுகையும் வருகிறது. பொங்கலுக்கு முந்தின நாள் மற்ற டின்களை எல்லாம் நானும் அவரும் தூக்கினோம். பீப்பாவிடம் வந்ததும், "அது இருக்கட்டும்" என்றார். வயதாகிவிட்டது, முடியவில்லை, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் விட்டுவிட்டேன்.

இதில் நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கடிதம் பொய்யாகிவிடும். இந்த வருடம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வருவதற்குக் கொஞ்சநாள் முன்பு, நீ வீடியோவில் உன் பல்கனியைக் காட்டினாய். கறிவேப்பிலை, புதினா, மிளகாய், எல்லாம் பிளாஸ்டிக் வாளியில். "பாருங்கப்பா, ஒங்க மாதிரியே. வீடு மாறினாலும் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாய். எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய். அவர் நல்லது ராசா என்றார், பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார். நான் பின்னால் போய், வாய் சும்மா இருக்காமல், "பாத்தீங்களா, சொந்த மண்ணு வாங்கியும் லயத்து ஆளாவே இருந்து பிள்ளைக்கும் அதையே பழக்கிட்டீங்க" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு பலாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி வாயைத் திறந்தார், மழை தூற ஆரம்பித்தது, காயப்போட்ட உடுப்பை எடுக்க நான் ஓடிவிட்டேன். அந்த உடுப்பு நனைந்தால்தான் என்ன?

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் செடியைப் பற்றித்தான். நெஞ்சு வலி குறைந்து, முகம் கொஞ்சம் தேறியிருந்தது. வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். "கொச்சிக்காய்க்குத் தண்ணி ஊத்திட்டு வா. ரோஜாவுக்கும்" என்றார். சரி என்று எழும்பினேன். "பீப்பாவுக்கு ஊத்த வேணாம். அது பாத்துக்கும்" என்றார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பீப்பாவுக்கும் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன். நான் திரும்பி வரும்போது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

நீ செத்தவீட்டுக்கு வந்தாய், கொள்ளி வைத்தாய், காரியம் முடித்தாய். நீ அழவில்லை. உறவுக்காரர்கள் சிலர் அதைப் பற்றிக் குசுகுசுத்தார்கள், எனக்குக் கேட்டது. போகிற அன்று விடியற்காலையில் நீ ஒவ்வொரு டின்னுக்கும் தண்ணீர் ஊற்றி, காய்ந்த இலை கிள்ளி, பிறகு ஊற்றினதற்கே திரும்பவும் ஊற்றிக்கொண்டு நின்றதை நான் குசினி ஜன்னலால் பார்த்தேன். யாரும் எனக்கு உன்னைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீ சொல்லி, வீட்டை வாங்க ஆள் பார்த்தோமே, அந்த மடவளை நஸீர் நானா வந்திருந்தார். மகளுக்குக் கலியாணம், அவளுக்கு என்று வீடு வாங்கவேண்டும். நல்ல மனுசன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. விலையிலும் அநியாயம் பேசவில்லை. ஜும்மா முடிந்து தம்பியையும் வரப்போகிற மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கத்தைக் கொங்கிரீட் போட்டால் வாகனம் விடலாமா என்று பார்த்தார்கள். "டீச்சர், இந்தப் பீப்பாவக் கொஞ்சம் அங்கால எடுக்க ஏலுமா? அளந்து பாக்கத்தான்" என்றார். தாராளமாக எடுங்கள் என்று நானே மூங்கிலும் கயிறும் எடுத்துக் கொடுத்தேன். நீயும் அப்பாவும் பாவித்த அதே மூங்கில். தம்பியும் மருமகனும் கட்டி, தோள் கொடுத்துத் தூக்கினார்கள். அசையவில்லை. அணைத்திருந்த மண்ணைக் கிளறிவிட்டுத் திரும்பத் தூக்கினார்கள். அப்போது பீப்பா மேலே வந்தது ராசா. பீப்பா மட்டும். சட்டையைக் கழற்றுகிற மாதிரி மரத்தை விட்டுவிட்டுத் தகரம் மேலே வந்தது. மண் அப்படியே நின்றது. மரம் அப்படியே நின்றது. கீழே என் கை மொத்தத்துக்கு வேர்கள், நேராக நிலத்துக்குள் போயிருந்தன.

மருமகன் பயந்துபோய்க் கயிற்றை விட்டுவிட்டான். நஸீர் நானா குந்தி உட்கார்ந்து தகரத்தின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "டீச்சர், இது வராது. பீப்பாக்கு அடி இல்ல. மரம் நெலத்திலதான் ஈக்கிது. இது நட்ட மரம்" என்றார். நான் இல்லை நானா, இந்த வீட்டில் எதுவுமே நட்டதில்லை என்றேன். "இங்க பாருங்க, துருப்பிடிச்சு உழுந்ததில்ல. ஆரோ உளியால வெட்டி, வேருக்குக் குத்தாம ஓரத்த மடக்கியும் உட்டீக்கிறாங்க" என்றார். நானும் குந்திப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே மாதிரி, சுத்தியலால் தட்டித் தட்டி மடக்கிய விளிம்பு. எனக்கு அந்தக் கைவேலை தெரியும். குசினிக் கூரையில் மழைத்தண்ணிக்குத் தகரப் பீலி அடித்தபோதும் விளிம்பை அப்படித்தான் மடக்கினார். எழும்பிப் போய்க் குப்பைக் குழி மூடியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன். தினமும் சமையல் கழிவு கொட்டும்போது நான் திறந்து மூடிய மூடி. பீப்பாவின் அடிதான் அது, ராசா. அளவு அப்படியே இருந்தது.

நஸீர் நானாவுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் பீப்பாவைப் பழையபடி இறக்கி மண் அணைக்கச் சொன்னார். "அவசரமில்ல டீச்சர். மகனோட கதச்சிட்டு முடிவச் செல்லுங்க. ஆனா நான் எடுத்தா இந்த மரம் நிக்காது, அத மறைக்க எனக்கு ஏலாது" என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனார். அந்த நேர்மைக்காகவே அவர் மகளுக்கு நல்ல வீடு கிடைக்கட்டும்.

அவர்கள் போனதும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அடப்பாவி மனுசா என்று வாய்விட்டுச் சொன்னேன். கடைசியில் நட்டுவிட்டீரா! உமக்கும் ஒரு நாள் இது நம்முடைய மண் என்று தோன்றிவிட்டதா! அதை எனக்குச் சொன்னால் நான் கேலி பண்ணுவேன் என்றா திருடன் மாதிரிச் செய்தீர்? நான் லயத்து ஆள் என்று குத்திச் சொன்ன அன்றும் அது நிலத்தில்தானே நின்றது, ஒரு வார்த்தை சொல்லி என் வாயை அடைத்திருக்கலாமே. இப்படி மரத்தோடு பேசிக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்தில் பார்த்தவர்கள் டீச்சருக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு உள்ளே வந்து பிளேன்டி ஊற்றும்போதுதான் அந்த வாரம் நினைவுக்கு வந்தது. கட்டுப்போட்ட கை. நான் மாத்தளையில் இருந்த வாரம். நீ போன வாரம். அந்தப் பாரமான பீப்பாவைத் தனியாளாகக் கயிறு போட்டுச் சாய்த்து, உளியால் வெட்டி, கையையும் கிழித்துக்கொண்டு, குழி வெட்டி, தனியாளாகவே நிமிர்த்தியிருக்கிறார். அடுத்த பொங்கலுக்கு அந்தப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தூக்கவேண்டிய தேவையே இல்லாமல் பண்ணிவிட்டார். இந்த மண்ணை நம்பித்தான் நட்டாரா, நீ இல்லாமல்தான் நட்டாரா? எனக்குத் தெரியாது. இரண்டும் இருக்கலாம். கேட்பதற்கு ஆள் இல்லை. பிளேன்டி ஆறிப்போய்விட்டது, நான் குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நீ போனது சரி. உன்னைப் போகச் சொல்லிப் படிப்பித்தவர்களே நாங்கள்தான். பிள்ளையை அனுப்பிவிட்டுப் பிறகு போய்விட்டானே என்று ஒப்பாரி வைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் உன் அப்பா அந்த வாரம் எவ்வளவு தனியாக இருந்தார் என்பது அவருடைய மகனுக்குத் தெரியாமலே போகக்கூடாது. தெரிந்துகொள். அழவேண்டும் என்றால் அழு. உன் மனைவி பக்கத்தில் இருக்கும்போது படி என்று அதற்காகத்தான் சொன்னேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பிள்ளை பிறக்கிறதற்கு நான் வருகிறேன். பத்தியத்துக்குச் சரக்கு எல்லாம் கண்டி டவுனில் நானே பார்த்து வாங்கிக்கொண்டு வருவேன், அங்கே அதைக் கொண்டுவர விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல். அவள் எழும்பி நடமாடும்வரை இருப்பேன். பிறகு திரும்பி வந்துவிடுவேன். வீட்டை விற்கவில்லை. நஸீர் நானாவுக்கு இன்று காலை சொல்லிவிட்டேன். தனியாக இருப்பது கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். சாயந்தரத்தில் அவர் உட்காருகிற கதிரை சும்மா கிடப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதில் உடுப்புக் கூடையைத் தூக்கி வைத்திருக்கிறேன். ஆனால் உன் அப்பா வாழ்நாளில் நட்டது ஒரே ஒரு மரம். அதைக் கொங்கிரீட் போடக் கொடுத்துவிட்டு உன் பதினாலாவது மாடியில் வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவருடைய அப்பாவின் மரத்துக்குக் கயிறு பிடித்தவர் அவர். அவருடைய மரத்துக்கு நான் கயிறு பிடிக்கமாட்டேன்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், டீச்சராக இல்லை, தாயாக. அங்கே என்றைக்காவது ஒரு துண்டு நிலத்தோடு வீடு வாங்கினால், அந்த வாளிகளில் ஒன்றையாவது உடைத்து நிலத்தில் வை. எந்தச் செடி என்றாலும் சரி. தூக்கிக்கொண்டு போகமுடியாதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். உன் அப்பாவுக்கும் அடித்துக்கொண்டிருக்கும். அவர் உன்னிடம் பல்கனியைப் பார்த்துவிட்டுச் சொல்ல நினைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். சொல்லத்தெரியாத மனுசன், நான் அவருக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஒருமுறை பிள்ளையோடு வா. மற்ற டின்கள் எல்லாம் இருக்கின்றன, தூக்க ஆள் வேண்டும்.

நேற்றுச் சாயந்தரம் மழை விட்ட பிறகு பின்பக்கம் போனேன். அவர் அணைத்த மாதிரி அவர்கள் மண்ணை அணைக்கவில்லை, திரும்ப மிதித்து இறுக்கினேன். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கணக்கப்பிள்ளை செய்த மாதிரி ஒரு காலால் பீப்பாவைத் தள்ளிப் பார்த்தேன். என் பலம் எல்லாம் கொடுத்துத் தள்ளினேன்.

அசையவில்லை, ராசா.

உன் அம்மா